நூற்று மூன்று டிகிரி

தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது. மறுபடி வைத்துப் பார்த்தேன். அதேதான். படிவத்தில் எழுதினேன்.

“இன்னிக்கு ரத்தம் எடுக்க முடியாதுங்க.”

முத்துமாரி அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. மடியில் இருந்த மகளின் முகத்தை என் பக்கம் திருப்பினாள். “பேசு பாப்பா. மேடம் பாக்குறாங்க பாரு.”

டெல்லி ஜனக்புரியில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறவள். ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். மகள் ப்ரீதாவுக்கு ஆறு வயது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நோய் எதிர்ப்புச் சக்தி மற்ற குழந்தைகளுடையதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எங்கள் ஆய்வகம் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நர்ஸ் எடுத்துத் தரும் ரத்தத்தைப் பிரித்து, குழாயில் எண் ஒட்டி, உறைபெட்டியில் வைப்பது என் வேலை. தமிழ்க் குடும்பங்களுக்குப் போன் செய்வதும் என்னிடம் வந்தது. போனில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் ஒத்துக்கொண்டேன்.

போன வாரம் இவளுக்குக் கேள்விகளைப் படித்துக் காட்டினேன். பதினெட்டாவது கேள்வி, காய்ச்சல் நாட்களில் குழந்தை எப்படி இருக்கும் என்பது. அதுவரை ஒரு வார்த்தையில் பதில் சொன்னவள் இதற்கு மட்டும் நிறுத்தாமல் பேசினாள். காய்ச்சல் வந்தால் பிள்ளை கத்துவதில்லை. மடிக்கு வருகிறது. அம்மா என்கிறது. மற்ற நாட்களில் பேச்சே கிடையாது. இப்படிச் சொன்ன ஏழாவது அம்மா அவள். “ரொம்ப முக்கியமான விஷயம்ங்க” என்றேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன்.

“எப்போலேர்ந்து காய்ச்சல்?”

“முந்தாநேத்து சாயங்காலத்துலேர்ந்து.”

“என்ன மருந்து குடுத்தீங்க?”

அவள் மகளின் சட்டையைச் சரிசெய்தாள். “குடுத்தா எறங்கிடுமே.”

‘இரண்டு நாள்’ என்று படிவத்தில் எழுதினேன்.

“நீங்கதானம்மா முக்கியம்னீங்க. இவ பேசுறான்னா எங்க வீட்டுக்காரரே, உனக்குத்தான் காய்ச்சல்ங்கிறாரு. நீங்க கண்ணால பாத்துட்டா, எதுனால பேசுறான்னு ரத்தத்துல கண்டுபுடிச்சிடுவீங்கல்ல. அதான் ஜல்தியா மெட்ரோ புடிச்சி வந்தேன்.”

ஆய்வை நடத்தும் டாக்டர் மாதுரியைப் போனில் கூப்பிட்டேன். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்திருந்தால் அந்தக் குழந்தை ஆய்வில் கிடையாது, மருந்து கொடுத்துக் கீழே ஓ.பி.க்கு அனுப்பு என்று இந்தியில் சொன்னார். எனக்குத் தெரிந்ததுதான்.

“உன் பேரு என்ன?”

ப்ரீதா கேட்டாள். தெளிவாக, என் கண்களைப் பார்த்து. எனக்கு யாரையும் அப்படிப் பார்க்க வராது. மூடியில் மருந்தை அளந்துகொண்டே, “ஹரிணி” என்றேன்.

“ஹரிணி” என்றாள் அவளும்.

“பாத்தீங்கல்ல?” என்றாள் முத்துமாரி.

“பாத்தேங்க.”

“எழுதிக்குவீங்கல்ல?”

‘விலக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தேன். அதன் கீழே எழுத இடம் இல்லை.

“எழுதிக்கிறேங்க.”

மருந்தை நீட்டினேன்.

“அஞ்சு நிமிசம் இருங்களேன்.”

“இப்பவே குடுக்கணும்ங்க. ரெண்டு நாள் ஆயிடுச்சு.”

அவள் மகளின் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். மகள் பதில் சொன்னாள். உடனே இன்னொன்று கேட்டாள், அதற்கும் பதில் வந்தது. நகர ஆரம்பித்துவிட்ட ரயிலோடு கூடவே நடந்து ஜன்னலில் பேசுகிறவர்களைப் போல அவசரமாகக் கேட்டுக்கொண்டே போனாள். மூடியைப் பிடித்திருந்த என் கை வலித்தது. கடைசியில் அவளே அதை வாங்கி மகளின் வாயில் சாய்த்தாள்.

ஓ.பி.யில் கூட்டம். பெஞ்சில் அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். முக்கால் மணி நேரத்தில் ப்ரீதாவின் கழுத்தில் வேர்வை அரும்பியது. முத்துமாரி துப்பட்டாவால் ஒற்றினாள். திரும்பவும் வேர்த்தது. ப்ரீதா மடியிலிருந்து வழுக்கி இறங்கி, தண்ணீர் மெஷினருகே போய் அதன் இரும்புப் பக்கத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.

“ப்ரீதா” என்றாள் முத்துமாரி. கொஞ்ச நேரம் கழித்து, “பாப்பா.”

சுரண்டும் சத்தம் நிற்கவில்லை. முத்துமாரியின் கைகள் மடியில், மகளை அணைத்திருந்த அதே வளைவில் இருந்தன.