பேரிமரத்துச் சாம்பல்

டாஸ்மேனியாவில் செப்டம்பர் பிறந்து குளிர் விலகத் தொடங்கினால் எனக்கு மண்டை காய்ந்துவிடும். மண்பாண்டம் வனைகிறவளுக்குக் குளிர்காலம் சௌகரியம். பட்டறைக்குள் அடுப்பை மூட்டிக்கொண்டு சக்கரமே கதியென்று கிடக்கலாம். வெயில் தலைகாட்டியதும் தோட்டமும் சேர்ந்து கூப்பிட்டால் நான் எங்கே போவேன்? பூண்டுப் பாத்தியில் களை மண்டிக் கிடந்தது. சூளையில் அடுக்க வேண்டியவை பாதிகூட முடியவில்லை. தினமும் காலையில் இதைச் சொல்லியே புலம்பினேன். என் கணவன் கிளைவ் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுத் தெல்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் கணவர் ஆர்ச் கல்யாணமான புதிதில் நட்ட பேரிமரம் போன வருஷப் புயலில் சாய்ந்துவிட்டது. ஆர்ச் அதற்கு முன்பே இறந்துபோய்விட்டார். தெல்மாவும் வீட்டை விற்றுவிட்டு லான்செஸ்டனில் மகனோடு இருக்கப் போகிறார். மரச் சாம்பலைக் கரைத்துப் பாண்டத்தின் மேல் பூசிச் சுட்டால் கண்ணாடி போல மெருகு ஏறும். அந்த மரத்துச் சாம்பலால் மெருகேற்றிய ஒரு தேநீர்க் கூஜா வேண்டும் என்று கேட்டார். வேறெதையும் கேட்கவில்லை.

மரத்தைக் காயவைத்து, இந்தக் குளிர்காலம் முழுக்கப் பட்டறை அடுப்பில் அதை மட்டுமே எரித்தேன். அவ்வளவு பெரிய மரம் ஒரே ஒரு வாளிச் சாம்பலானது. அதில் துளி எடுத்து ஒரு ஓட்டுத் துண்டில் பூசிச் சுட்டுப் பார்த்தேன். பேரிக்காய்த் தோல் மாதிரி இளம்பச்சை. தெல்மா அந்தத் துண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

களிமண் வாங்க ஹோபார்ட் போய்விட்டுத் திரும்பினால், பூண்டுப் பாத்தி நடுவே மண்வெட்டியும் கையுமாக கிளைவ் நிற்கிறான். பிறந்ததிலிருந்து மண்வெட்டி தொடாத மனுஷன். ஒரு களை இல்லை. பூண்டுத் தாள்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது.

"சாம்பலும் போட்டுட்டேன். வருஷா வருஷம் நீ போடுவியே," என்றான்.

"எந்தச் சாம்பல்?"

பட்டறை வாசலைக் காட்டினான். வாளி கவிழ்ந்து கிடந்தது.

வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் உள்ளங்கை கொப்புளங்களைப் பார்த்தேன், பார்த்துவிட்டும் திட்டினேன். எனக்கு நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் செய்திருக்கிறான் என்பது வேறு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. சத்தம் கேட்டுத் தெல்மா வந்துவிட்டார். முகத்தைப் பார்க்காமலே விஷயத்தைச் சொன்னேன். அவர் பாத்தியைப் பார்த்தார், பிறகு மேற்கே கறுத்த வானத்தைப் பார்த்தார்.

"மழை வர்றதுக்குள்ள ஆளுக்கொரு கரண்டி எடுத்துட்டு வா, கண்ணு."

மூன்று பேரும் மண்டிபோட்டுச் சுரண்டினோம். கிளைவ் மூச்சுக்கூட விடாமல் அள்ளினான். முதல் தூறல் விழுந்தபோது பாதி ஜாடி தேறியிருந்தது. அதிலும் சாம்பலைவிட மண்தான் அதிகம்.

சலித்து, கரைத்து, ஒரே ஒரு கூஜாவுக்குப் பூசினேன். சூளையைத் திறந்ததும் எனக்கு அழுகை முட்டியது. இளம்பச்சையாவது ஒன்றாவது! சேற்றுப் பழுப்பு, அங்கங்கே திட்டுத்திட்டாகச் சொரசொரப்பு வேறு.

"வேற சாம்பல்ல பச்சையா ஒண்ணு பண்ணிக் குடுத்துடேன். அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்றான் கிளைவ்.

"எனக்குத் தெரியுமே," என்று சொல்லிவிட்டு அதையே எடுத்துக்கொண்டு நடந்தேன். அவனும் பூண்டுப் பாத்திச் சேறு அப்பிய பூட்ஸோடு பின்னாலேயே வந்தான்.

தெல்மா வீட்டில் எல்லாம் பெட்டி கட்டி, தரையைத் துடைத்து வைத்திருந்தது. கூஜாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவர் விரல் அந்தச் சொரசொரப்பில் நின்றது.

"இது ஆர்ச்சோட பூட்ஸ் நிறம்ல," என்றார். "தோட்டத்துலேருந்து அப்படியே அடுப்படிக்குள்ள வந்து நிப்பாரு. கழட்டிட்டு வாங்கன்னு கடைசி வரைக்கும் கத்திக்கிட்டே இருந்தேன்."

ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கிளைவ் வாசற்படியிலேயே குனிந்து, அவசர அவசரமாகப் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

தெல்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கழட்ட வேணாம் கிளைவ். அப்படியே உள்ள வா."