படியில் நின்ற பீரோ

வீடு காலி செய்து சாமான் ஏற்றும் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. படியில் பீரோ இறங்கும்போது கீழ்ப்பக்கத்தைத் தங்களில் ஒருவர்தான் பிடிக்க வேண்டும். பாரமெல்லாம் கீழே இருப்பவர் மார்பில்தான் இறங்கும். மேலே இருப்பவர் கைவிட்டால் ஆள் காலி. அந்த இடத்தை வெளியாளுக்குத் தரமாட்டார்கள்.

அவள் வெளியாள். ஐந்து மாதமாகப் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள். இடது கால் சற்றுக் குட்டை. அண்ணன் வீட்டில் விருந்தாளி வந்தால் அண்ணி அவளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துவாள். அங்கிருந்து வீறாப்பாகக் கிளம்பி வந்தவளுக்கு, இந்த வேலை போனால் மறுபடி அந்த உள்ளறைதான்.

கூட்டம் ஒன்றும் யோக்கியமில்லை. மேஸ்திரி வாயைத் திறந்தால் பொய். தூங்குமூஞ்சி என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவன் நின்றபடியே தூங்குவான். கேட்டால், "யோசிச்சிட்டிருக்கேன்" என்பான்.

அன்று காலி செய்த வீட்டின் மாடியில் ஒரு நிலைக்கண்ணாடி உடைந்தது. உடைத்தது தூங்குமூஞ்சி. அவள் கண்ணால் பார்த்தாள். சத்தம் கேட்டு வந்த வீட்டுக்கார அம்மாள் நேராக அவளைத்தான் கை காட்டினாள்.

"நொண்டிய வேலைக்கு வெச்சா இப்படித்தான். முதல்ல இவள அனுப்புங்க."

தூங்குமூஞ்சி தரையைப் பார்த்தான். மேஸ்திரி எதுவும் கேட்காதவர்போல் பீரோவில் கை வைத்தார். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

"நான் உடைக்கல," என்றாள் அந்த அம்மாளிடம். "கால்தான் குட்டை, கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. யாரு உடைச்சான்னு சொல்லமாட்டேன். ஆனா போகவும் மாட்டேன்."

படி திரும்புகிற இடத்தில் பீரோ தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு பூனைகூட நுழைய முடியாது.

"கண்ணாடிய உடைச்சது நான்தான்," என்று கீழிருந்து தூங்குமூஞ்சியின் குரல் வந்தது.

"அவகிட்ட மன்னிப்பு கேளுங்கம்மா," என்றார் மேஸ்திரி. "அதுவரைக்கும் பீரோ இங்கயே இருக்கட்டும்."

"அப்ப நான் எப்படிக் கீழ போறது?" என்றாள் அந்த அம்மாள்.

"அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்," என்றான் தூங்குமூஞ்சி.

கால் மணி நேரம் கழித்து அந்த அம்மாள் ஏதோ முணுமுணுத்தாள்.

"சத்தமா சொல்லுங்க," என்றாள் அவள்.

"தப்பாச் சொல்லிட்டேன். போதுமா?"

அவள் படியிறங்கி வந்து மேஸ்திரி முன்னால் நின்றாள். "அங்க நான் தனியா நின்னேன். அப்ப ஏன் வாயப் பூட்டிக்கிட்டீங்க?"

"பயந்துட்டோம்," என்றார் மேஸ்திரி. அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் உண்மை அது.

பிறகு பீரோவைக் கொஞ்சம் நகர்த்தி வழி விட்டார். "கீழ்ப்பக்கம் நீ புடி."

அவர் அவள் காலைப் பார்க்கவில்லை. தூங்குமூஞ்சி கீழிருந்து ஏறி மேற்பக்கம் போய் மேஸ்திரியோடு நின்றான்.

"நீ கைய விட்டா?" என்று அவள் அவனைக் கேட்டாள்.

"செத்துருவ. அதனால விடமாட்டேன்."

அவள் கீழ்ப்பக்கம் இறங்கி, குனிந்து பீரோவின் அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். பாரம் மார்பில் வந்து இறங்கியது.

"தூக்கு," என்றாள். "தூங்கித் தொலைக்காத."