வலிக்கு முந்தைய இரண்டு நாட்கள்

மாதத்தில் மூன்று தடவையாவது அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். வந்தால் இரண்டு நாள் அம்பேல். இப்படியே லீவு போட்டால் ஒருநாள் அண்ணி தன்னைப் பட்டறையை விட்டு அனுப்பிவிடுவாள் என்று அவள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். பட்டறை அண்ணியுடையது; அவள் இருந்ததும் அண்ணன் வீட்டில்தான்.

பல்செட் செய்கிற பட்டறை அது. இரண்டு மேசை, மெழுகு உருக்க ஒரு சின்ன அடுப்பு, சுவர் முழுக்க யார் யாருடைய தாடைகளோ வெள்ளை அச்சுகளாக இளித்துக்கொண்டிருக்கும். பல்லுக்கு நிறம் பொருத்துவதில் அவளை அடிக்க ஆளில்லை. அவள் செய்த பல்லைப் பொருத்திவிட்டால், எது தன் பல், எது பொய்ப்பல் என்று வாய்க்குச் சொந்தக்காரரே தடுமாறிப்போவார். முன்பெல்லாம் அண்ணி அதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படுவாள். இப்போது சில மாதங்களாக முகம் கொடுத்தே பேசுவதில்லை.

அண்ணன் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனான். எல்லாம் சுத்தம் என்று வந்தது. "தலைக்குள்ள ஒண்ணுமே இல்லையாம்!" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னான். ஒன்றுமில்லாததற்கா இந்த ஆட்டம் என்று அண்ணி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தலை தெளிவாக இருக்கும் நாளிலேயே அடுத்த வாரத்து வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்து அலமாரியில் அடுக்கிவிடுவது. பிறகு வலி வந்து படுத்தாலும் வேலை நிற்காது, யாரும் குறை சொல்ல முடியாது. அப்படி வேலையை முடிக்கும் இரண்டு நாளும் மதியச் சாப்பாடு கிடையாது, தூக்கம் நாலு மணி நேரம். மூன்றாம் நாள் கொட்டாவி கொட்டாவியாக வரும். இடது கண்ணோரம் கோணல்மாணலாக ஒளி நெளியும். அப்புறம் நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடிக்கத் தொடங்குவார்கள். நல்லவேளை, முன்னாடியே முடித்துவைத்தோம் என்று அவள் தன்னையே மெச்சிக்கொள்வாள்.

நரம்பு டாக்டரைப் பார்க்கப் போன அன்று அண்ணனுக்கு வேலை. அண்ணிதான் கூட வந்தாள்.

"வலி வர்றதுக்கு முந்தின ரெண்டு நாள் எப்படி இருப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எப்பவும் போலத்தான், டாக்டர்."

"எப்பவும் போலவா?" அண்ணி பட்டென்று குறுக்கே விழுந்தாள். "ஒன்பது செட்டு முடிச்சு அடுக்கியிருப்பா, டாக்டர். சாப்பாட்டு டப்பாவைத் தொறக்கவே மாட்டா. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மெழுகு சுரண்டுவா."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிக்கூடப் பார்க்காத அண்ணி இதையெல்லாம் எப்போது பார்த்தாள்?

டாக்டரம்மா பேனாவை மூடினார். "மூளைக்கு எரிபொருள் வந்துக்கிட்டே இருக்கணும்மா. எரியறப்போ ஆக்சிஜன்லேருந்து ஒரு மாதிரி கழிவு உண்டாகும். அது பட்ட இடத்தையெல்லாம் அரிக்கும். செல்லு அதை அப்பப்போ துடைச்சிடும். நீங்க சோத்தையும் தூக்கத்தையும் குறைச்சு வேலையை ஏத்தினா, துடைக்கிறதைவிடச் சேர்றது அதிகமாயிடலாம். பக்கத்துல இருக்கிற வலி நரம்பு அதை மோப்பம் பிடிச்சு ரசாயனத்தைக் கக்கும். மூளையைச் சுத்தின சவ்வுல ரத்தக்குழாய் விரிஞ்சு, அழற்சி வந்துடும். ஸ்கேன்ல இது தெரியாது. அதுக்காக இல்லைன்னு ஆயிடுமா?"

"இது மட்டும்தான் காரணமா, டாக்டர்?"

"இல்ல. பரம்பரை இருக்கு, இன்னும் பலது இருக்கு, ஆராய்ச்சியும் முடியல. ஆனா உங்க விஷயத்துல இதுக்குப் பெரிய பங்கு இருக்கும்னு தோணுது."

லீவைச் சமாளிக்கச் செய்த வேலையே லீவைக் கொண்டுவந்திருக்கிறது. தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பஸ் நிறுத்தத்தில் அவளே ஆரம்பித்தாள். "அண்ணி, நான் நின்னுக்கறேன். வேற ஆளைப் பாத்துக்குங்க. நீங்களா போகச் சொல்றவரைக்கும் காத்திருக்க வேணாம்."

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. "அப்ப நான் நெனச்சது சரிதானா?"

"என்ன நெனச்சீங்க?"

"நீ அந்த அலமாரியை நெரப்ப நெரப்ப எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. பாக்கி வேலையெல்லாம் முடிச்சுட்டுக் கெளம்பத்தான் இப்படிப் பறக்கறியோன்னு நெனச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு வாயைத் தொறக்கல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போயே போய்விட்டது.

அன்றிலிருந்து மதியம் ஒரு மணிக்குப் பட்டறையின் இரண்டு மேசை விளக்குகளும் சாப்பாட்டுக்காக அணைந்தன. மாத்திரையும் நேரத்துக்குச் சாப்பாடும் தூக்கமுமாக நாற்பது நாள் ஓடியது. பிறகு வலி வந்தேவிட்டது. அதற்கு யாரிடமும் மந்திரம் இல்லை. திரை இழுத்த அறையில் அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். முடித்துவைத்த செட் ஒன்றுகூட இல்லை. பழைய பயம் திரும்பியது.

கூடத்தில் அண்ணியின் குரல் தாழ்ந்து கேட்டது. யாரோ பல் டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் வேலை தாமதமானால் மெஷின் ரிப்பேர், கரண்ட் இல்லை என்றுதான் சாக்குச் சொல்லுவாள்.

"நாளைக்கு ஆகாதுங்க. அவளுக்குத் தலைவலி." எதிர்முனை ஏதோ கேட்டது. "வேற ஆளா? வேற ஆளெல்லாம் கிடையாது. அவ எந்திரிச்சு வந்து செய்வா. அதுவரைக்கும் காத்திருங்க."