பலூனுக்கு மேலே ஒரு விரற்கடை ஏரி

டன்பார் ஹோட்டல் நூற்று முப்பது வயதுக் கிழம். சிவப்பு மணற்கல் சுவர். ஊரின் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழு சம்மதிக்காமல் அதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. பதினெட்டு அறைகளை வைத்துக்கொண்டு இன்னொரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். பக்கத்துக் காலிமனையில் புதிய பகுதி எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் மார்ச்சோடு மூடல். இருபது வருடமாக அங்கே மேலாளராகக் குப்பை கொட்டும் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

புதிதாகக் கட்டுவது எவ்வளவு உயரம் வரும் என்று ஊருக்குக் காட்ட, அந்த உயரத்தில் ஒரு பலூனைப் பறக்கவிடுவது எங்கள் வழக்கம். காற்று கிளம்புமுன் காலையிலேயே செய்துவிட வேண்டும். கயிறு என் கையில் இருந்தது. புதுக் கட்டடம் நாற்பதடி; கயிற்றின் நாற்பதாவது அடியில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது.

அன்று சுப்பீரியர் ஏரி மூச்சுவிடாமல் கிடந்தது. மேட்டுத் தெருவில் காபிக் குவளையோடு நின்றவர்கள் பனிமூட்டத்தில் பாதி கரைந்திருந்தார்கள். யாரோ கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டியின் மணம் மட்டும் தெளிவாக இருந்தது.

அந்தத் தெருவில் இரும்புக்கடை மாடியில் என் தோழி ஹெல்மி படுத்திருக்கிறாள். பக்கவாதம் வந்து நான்கு வருடம். அவளுக்கு மிச்சம் ஒரே ஒரு ஜன்னல். அதில், எங்கள் காலிமனைக்கு அப்பால், ஏரி. அவள் கணவர் வெய்க்கோதான் குழுத் தலைவர். அவளுடைய ஏரியை மறைக்கும் எதற்கும் அவர் கையெழுத்துப் போடமாட்டார்.

ஆறடிக் கயிற்றைக் கோட்டுப் பைக்குள் கையில் சுற்றிக்கொண்டேன். கறுப்பு நாடாவும் பைக்குள்ளேயே தங்கியது. சிவப்புப் பலூன் ஏறி நின்றது. மூட்டம் விலகியது.

வெய்க்கோவின் கைபேசி அடித்தது. பேசிவிட்டு என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"தெரியுதாம், இர்யா. பலூனுக்கு மேல ஒரு விரக்கடை தண்ணி தெரியுதாம். அழுவுறா. உனக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையை வெளியே எடுத்தேன். சுற்றுப் பிரிந்து, பலூன் சத்தமில்லாமல் இன்னும் ஆறடி ஏறியது. வெய்க்கோ கறுப்பு நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி அடித்த கைபேசியை எடுக்காமல் என்னிடமே நீட்டினார்.

"இப்ப தெரியலடி," என்றாள் ஹெல்மி.

"இதான் நெஜமான உயரம். மொதல்ல காட்டினது பொய். நான்தான் பண்ணேன்."

பழைய கட்டடமும் புதுசும் ஒட்டிக்கொண்டா நிற்கும் என்று கேட்டாள். பழைய சுவரின்மேல் புதுச் சுவர் சாயக்கூடாது, நடுவே பன்னிரண்டடி நீளத்துக்கு மூன்று மாடியிலும் கண்ணாடி நடைபாதைதான் என்றேன்.

"கண்ணாடின்னா அந்தாண்ட தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப அத என் ஜன்னலுக்கு நேரா வர்ற வரைக்கும் நீட்டு. கயித்தையே சுருக்கினவளுக்கு இது என்ன பெரிய வேலையா?"

வெய்க்கோ அதையே நிபந்தனையாக எழுதிக் கையெழுத்திட்டார். நான்கு அறை குறைகிறதே என்று முதலாளி ஒரு வாரம் முணுமுணுத்தார், பிறகு அடங்கினார்.

இரண்டாம் வருடம் ஜூனில், துவைத்த விரிப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு அந்த நடைபாதையில் முதன்முதலாக நடந்தேன். பின்னால் சிவப்புக் கல், முன்னால் வெள்ளைச் சுவர், இரண்டுக்கும் நடுவே வெறும் வெளிச்சமும் ஏரியும். என் கால்கள் தரையில் இருப்பதாகவே தோன்றவில்லை. பாதி வழியில் நின்று மேட்டுத் தெருவைப் பார்த்தேன். கைபேசி அடித்தது.

"தண்ணி மேல நடக்கிறியே, கால் நனையலையாடி?"

வண்டியிலிருந்த விரிப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, அழுதது போதும். கொஞ்சம் தள்ளிக்கோ. ஏரிய மறைக்கிற."

தள்ளிக்கொண்டேன்.