டோருன் சொன்ன பதில்கள்

நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகரில் உள்ள மறதிநோய் இல்லமொன்றில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்தவள் டோருன். வயது ஐம்பத்திரண்டு. மாதவிடாய் நின்றுகொண்டிருந்த காலம். இந்த வயதுப் பெண்களைப் பற்றி ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஹெகே என்ற உளவியல் ஆய்வாளர், "நீங்க சொல்றது எதுவும் வெளிய போகாது" என்று உறுதி கொடுத்ததால்தான் மனம்விட்டுப் பேசினாள். உடம்பு திடீரென்று கொதிக்கிறது, தூக்கமில்லை, சில சமயம் சொல் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது என்றாள். ஒருநாள் கரண்டி என்ற சொல்லே வரவில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்படிப் பேசிய மூன்றாம் வாரம் இல்லத்தின் மேலாளர் ஒட்வார் கூப்பிட்டார்.

"இனிமே நீங்க மருந்து குடுக்க வேணாம், டோருன். உங்க நல்லதுக்குத்தான்."

"எதையாவது மாத்திக் குடுத்தேனா?"

"அதெல்லாம் இல்ல. ஆனா கரண்டியே மறந்துபோச்சாமே."

டோருன் நடைபாதைக்கு வந்தாள். அங்கிருந்தே ஹெகேவுக்குப் போன் போட்டாள்.

"ஒட்வார் கேட்டார், குறிப்பைக் காட்டினேன். உங்க பேர் அதுல இல்லையே" என்றாள் ஹெகே.

"பத்தொன்பது வருஷம்னு போட்டிருக்கீங்க. இங்க அத்தன வருஷம் இருக்கறது நான் ஒருத்திதான். அப்புறம் பேர் எதுக்கு?"

டோருன் போனை வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு அறையில் விஷயத்தைச் சொன்னதும் உடன் வேலை பார்க்கும் குன்வோர் ரொட்டியைத் தட்டில் போட்டாள். "போன மாசம் ஒட்வார் கார் சாவிய ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டு வீடெல்லாம் தேடினாராம். அவர யாருடி சோதிச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் பலரும் ஹெகேயிடம் தூக்கத்தைப் பற்றி, அழுகையைப் பற்றி, படுக்கையைப் பற்றிக்கூடச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே பதினொரு பெண்கள் தங்கள் பதில்களைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். டோருன் அதை ஆய்வு நெறிக் குழுவுக்கு அனுப்பினாள்.

குழு தலையிட்டதும் ஆய்வு நின்றது. மருந்து கொடுக்கும் பொறுப்பு அவளிடமே திரும்பி வந்தது. 'நிர்வாக மாற்றம்' என்று அறிவித்த ஒட்வார் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

மே மாதம் ஹெகே நேரில் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"தப்பு என்னோடதுதான். ஆனா இந்த வயசுப் பொண்ணுங்களப் பத்தி யாருமே ஆராயறதில்ல, டோருன். திரும்ப ஆரம்பிச்சா வருவீங்களா?"

"ஆராயணும்னுதான் வாயத் தொறந்தோம்" என்றாள் டோருன். "போய்க் கேட்டுப் பாருங்க. எனக்கு மறக்குதுன்னு இந்த இல்லத்துல இனிமே ஒருத்தியும் சொல்லமாட்டா."

ஹெகே கதவு கதவாகக் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தியும் சொல்லவில்லை.