மாதிரி வீட்டுப் புகைபோக்கி

பெரிய ஆபீசர் வந்து பார்க்கும்வரை உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது என்று சாவியைக் கொடுக்கும்போதே ஓவர்சியர் பொன்னுத்துரை சொல்லியிருந்தார். சுவர் கறுத்துவிடுமாம். அதனால் செபஸ்தியம்மாள் ஓட்டு வீட்டுக்குள் குடியிருந்துகொண்டு வாசலில் மூன்று கல் கூட்டிச் சமைத்தாள். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளர்களுக்காகச் சர்க்கார் கட்டிய மாதிரி வீடு அது. ஆபீசர் பார்த்துச் சரி என்றால்தான் பக்கத்துப் பொட்டலில் இன்னும் நாற்பது வீடு கட்டப் பணம் வரும். அதுவரை மற்றவர்களுக்குப் பழைய குடிசைதான். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவள் புருஷன் ஆரோக்கியதாஸ் பெயர் வந்தது. வேறு தகுதி ஒன்றும் அவர்களுக்கு இல்லை.

ஆபீசரின் வருகை தள்ளித் தள்ளிப் போனது. ஐப்பசி மழை தள்ளிப்போகவில்லை. ஒருநாள் வாசல் அடுப்பு நனைந்துபோக, பிள்ளைகள் பசியில் அழ, கதவைச் சாத்திவிட்டு உள்ளே மூட்டினாள். புகைபோக்கி துளிகூட இழுக்கவில்லை. அத்தனை புகையும் அறைக்குள்ளேயே இறங்கியது. சின்னவன் இருமி இருமி வாந்தியெடுத்தான். விடிந்ததும் சுவரில் சுண்ணாம்பு அடித்து மறைத்தாள்.

நாத்தனார் புஷ்பமேரியிடம் மட்டும் சொன்னாள். புஷ்பமேரியின் குடிசைச் சுவர் அந்த மழையில்தான் சரிந்திருந்தது.

"வாயத் தொறந்துறாத மதினி. நீ புகைங்கிற. எங்களுக்குக் கூரையே இல்ல."

குறை சொல்லப்போய், பணத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால்? சொல்லாமல் விட்டால் நாற்பது அடுப்படியிலும் இதே புகை. இரண்டில் எதை நினைத்தாலும் செபஸ்தியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஆபீசர் தூறலோடு வந்து சேர்ந்தார். சுவரைத் தட்டினார், கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்தார். அடுப்படி வெள்ளைவெளேரென்று இருந்ததில் அவருக்குச் சந்தேகம்.

"ஏம்மா, இதுல சமைக்கிறதே இல்லையா?"

சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று ஓவர்சியர் முந்திக்கொண்டார். ஆபீசர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூட்டுங்க. பாப்போம்."

வாசலில் கூடியிருந்த குடிசைக்காரர்களை இடித்துக்கொண்டு வந்த புஷ்பமேரி ஒரு தகர டப்பாவை நீட்டினாள். உள்ளே இஸ்திரிக்காரரிடம் கேட்டு வாங்கிய கரி. கரி புகையாது.

"செத்த நேரந்தான் நிப்பாரு. இதப் போடு மதினி."

செபஸ்தியம்மாள் டப்பாவை வாங்கினாள். புஷ்பமேரியின் இடுப்பில் இருந்த குழந்தை அவளையே பார்த்தது.

"நாளைக்கு ஒம்பிள்ளைக்கும் இதே அடுப்புதான்டி."

டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, தினமும் எரிக்கிற ஈர விறகை இழுத்து அடுப்பில் செருகினாள். மண்ணெண்ணெய் தெளித்துக் குச்சியைக் கிழித்தாள்.

கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தபோது, குடிசைக்காரர்கள் எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு கூரையைப் பார்த்து நின்றார்கள். உள்ளே ஆபீசர் இருமினார். புகைபோக்கியின் விளிம்பில் ஒரு காகம் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அது பறக்கவில்லை.