கிழவி வீட்டுக்கு ஒரு பாதை

நாத்தனாரோடு இவளுக்குப் பேச்சு நின்றுகிடந்தது எட்டு மாதம். மறுபடி பேச்சு வந்து மூன்றே வாரம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. புது வீட்டுக்குக் குடிவந்த நாள், கணவனின் அக்கா உதவிக்கு வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? ஒரு மணி நேரத்தில் அடுப்படி முழுவதையும் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டார். டம்ளர்கள் குழாய்க்குப் பக்கத்துத் தட்டுக்குப் போயின, மூடிகளெல்லாம் கீழே இறங்கின. காலையிலிருந்து பெட்டி தூக்கி இடுப்பு ஒடிந்திருந்த இவளுக்கு வாயில் வார்த்தை நிற்கவில்லை. "இது உங்க வீடு இல்ல அண்ணி" என்று சொல்லிவிட்டாள். நாத்தனார் கையிலிருந்த டம்ளரை வைத்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார். நடுவில் கணவன் மத்தளமாக நின்று இரண்டு பக்கமும் அடி வாங்கினான்.

இவளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. சனிக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் வேறொரு வேலை உண்டு. சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் எடுத்து, இல்லாத நாட்டில் இல்லாத அரக்கர்களோடு சண்டை போடுவார்கள். கணவன் திருடன் வேடம் எடுத்து வாரம் தவறாமல் சாவான். கடையில் லென்ஸ் வெட்டுகிறவர் மந்திரவாதி. கதையை நடத்துவதும், அந்த நாட்டுக்கு வரைபடம் போடுவதும் இவள்.

வரைபடத்தைக் கணினியில் ஒரு மென்பொருளில் போடுவாள். மலையைப் பொறுக்கி வைத்தால் மலை, இழுத்துவிட்டால் ஆறு, தேய்த்தால் காடு. எல்லாம் அடுக்கு அடுக்காக இருக்கும்: நிலம் ஒரு அடுக்கு, ஊர்ப்பெயர்கள் ஒரு அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, நடத்துகிறவள் மட்டும் பார்க்க ஒரு ரகசிய அடுக்கு. எங்கே பொறி, யார் பொய் சொல்வான் என்ற குறிப்பெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு கண் படம் உண்டு. அந்தக் கண்ணை மூடினால் அடுக்கு மறைந்துவிடும். மூடிவிட்டு மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள். இவள் அந்த எட்டு மாதத்தில் ஒரு சதுப்புக் காட்டையே போட்டாள். காட்டின் நட்டநடுவில் ஒரு சூனியக்கிழவிக்குக் குடிசை வைத்தாள். ரகசிய அடுக்கில் பொடி எழுத்தில் குறிப்பும் எழுதினாள்.

அப்புறம் ஒரு நாள் கணவன் எப்படியோ அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று சாக்குச் சொன்னான். நாத்தனார் வந்தார், தன் தண்ணீர் பாட்டிலோடு. கோடரி தூக்கும் குள்ளன் வேடம் எடுத்து வெளுத்து வாங்கினார். ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினார். முடிந்ததும் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று வாரமும் அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு நெஞ்சில் முள் குத்தும்.

போன வாரம் கிளம்பும்போது நாத்தனார், "அடுத்த மேப்ப எங்க கடைக்கு அனுப்பு, பெருசா அடிச்சுத் தர்றேன்" என்றார். அவருக்கு அச்சுக் கடையில் இயந்திரம் ஓட்டுகிற வேலை. எட்டு மாதத்துக்குப் பிறகு அவராக நீட்டிய கை. அந்தச் சந்தோஷத்தில் இவள் இன்று சனிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், ரகசிய அடுக்கைத் திறந்து ஒரு பொறியை நகர்த்தினாள், படத்தை அனுப்பினாள், பஸ்ஸைப் பிடித்தாள்.

பதினொரு மணிக்கு ஒரு தையல்காரர் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கடைசி வரி தெரியுதாங்க?"

"ஏதோ பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு. இதையே பெருசா அடிச்சு மாட்டுங்கம்மா, எனக்குக் கண்ணாடியே வேண்டாம்."

'பெருசா அடிச்சு' என்றதும் இவளுக்குக் காலையில் அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடினேனா? போனை எடுத்துப் பார்த்தாள். படத்தில் குடிசை கடுகளவு இருந்தது. விரலால் விரித்தால், பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று நின்றது. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள் ஒரு கண்ணை மூட மறந்திருந்தாள்.

நாத்தனார் போனை எடுக்கவில்லை. கணவன் எடுத்தான்.

"என்னதான் எழுதித் தொலைச்சே?"

சொன்னாள். மறுமுனையில் அவன் நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் இன்னிக்கு ஆபீஸ்லயே தங்கிடவா?" என்றான்.

தையல்காரரின் எண்களை இரண்டு தடவை சரிபார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, லென்ஸ் வெட்டுகிறவரிடம் சொல்லிக்கொண்டு ஓடினாள். அச்சுக் கடை மூன்று தெரு தள்ளி. வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்புதான்: இந்தத் தடவை போனால் அவர் திரும்ப வரமாட்டார்.

கடையில் நீள மேசைமேல் வரைபடம் விரிந்து கிடந்தது, நாலடி அகலத்துக்கு. நாத்தனார் இரும்பு அளவுகோலால் மூலையை அமுக்கிக்கொண்டு குனிந்திருந்தார். மூக்கின்மேல் கண்ணாடி. இரண்டு வருடத்துக்கு முன் இவளே பார்த்துக் கொடுத்தது. அதில் எந்தப் பொடி எழுத்தும் தப்பாது.

"வா. நீ குடுத்த கண்ணாடி நல்லாத்தான் தெரியுது."

"அண்ணி, அது வந்து..."

"மூணு தடவை படிச்சுட்டேன்." நாத்தனார் விரலை வைத்து நிதானமாக வாசித்தார். "'கிழவியின் பேச்சு நாத்தனார் மாதிரியே. கேட்காமலே அறிவுரை சொல்வாள். அடுத்தவர் அடுப்படியை அடுக்குவாள்.' சரிதான். அடுக்கினேன்."

"கோவத்துல எழுதினது அண்ணி. அழிக்காம விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

"'ஆனால் இவள் காட்டும் வழி மட்டும் தப்பாது.' இதுவும் கோவத்துல எழுதினதா?"

இவள் தரையைப் பார்த்தாள். "கதைக்கு ஒரு ஆள் வேணும் அண்ணி. கடுகடுன்னு பேசினாலும் நிஜமா வழி தெரிஞ்ச ஆள். யோசிச்சப்போ உங்க முகம்தான் வந்துச்சு."

நாத்தனார் அளவுகோலை அடுத்த மூலைக்கு நகர்த்தினார். "நானும் எட்டு மாசமா உன்னைத் திட்டிட்டுதான் இருந்தேன், இந்த மெஷின்கிட்ட. அது எழுதி வெக்கல, அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்துக் குடிசையைத் தொட்டார். "எனக்கு ஒண்ணுதான் கஷ்டமா இருந்துச்சு. இங்க ஒரு ஒத்தையடிப் பாதைகூட இல்லையே. இவளைப் பாக்க யாரும் எப்படி வருவாங்க?"

"வேணும்னேதான் போடாம விட்டேன்."

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. நாத்தனார் தலையை ஆட்டினார்.

அந்த மென்பொருள் இணையத்திலேயே ஓடுவது. இவள் கடைக் கணினியில் தன் வரைபடத்தைத் திறந்தாள், பாதைக் கருவியை எடுத்தாள்.

"எந்தப் பக்கமா போடட்டும் அண்ணி?"

"நான் சொன்னா, கேட்காமலே சொல்றேன்னு அதையும் எழுதுவே."

"கேக்கறேனே. சொல்லுங்க."

நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "ஆத்தோரமா கொண்டா. அங்கதான் மேடு, கால் புதையாது."

பாதை ஆற்றோரமாகவே போய்க் குடிசை வாசலில் நின்றது. இவள் ரகசிய அடுக்கின் கண்ணை மூடினாள். மூடியாயிற்றா என்று நாத்தனார் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட்டினார். பழைய தாளைக் கிழிக்கவில்லை. சுருட்டி, ரப்பர் போட்டுத் தன் பைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். "இது எனக்கு" என்றார்.

இவள் வெளியே வந்தாள். படியிலேயே உட்கார்ந்து, அப்பாடா என்று ஒரு பாட்டம் மூச்சு விட்டாள். கணவனுக்கு, பயப்படாமல் வீட்டுக்கு வரலாம் என்று செய்தி அனுப்பினாள்.

சாயங்காலம் நாத்தனார் புது வரைபடத்தோடு வந்தார். மேசையில் விரித்தார். கை காலியாக இருந்தது, பாட்டிலைக் காணோம். கணவன் அதைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், பகடையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

நாத்தனார் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"தண்ணி குடிக்கணும். டம்ளர் எங்க வெச்சிருக்கே?"

இவள் வரைபடத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே, "நீங்க வெச்ச எடத்துலயேதான் இருக்கு அண்ணி" என்றாள். "நான் மாத்தவே இல்ல."

அடுப்படியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. பிறகு குழாய் திறக்கும் ஓசை கேட்டது. நாத்தனார் நாலு டம்ளர் தண்ணீரோடு வந்து, ஆளுக்கொன்றாக வைத்துவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்தார்.